பஸ்பங்குவ வைரஸுக்கு வேலை செய்யுதா எண்டு லேப்ல சரியாப் பாக்கிறது எப்பிடி?

வெள்ளவத்தை_பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்பில ஒரு கம்பஸ்ல பயோகெமிஸ்ட்ரி கடைசி வருஷம். ரிசர்ச் புரொஜெக்ட்டுக்கு டொபிக் குடுக்கிற நேரம் வந்திட்டுது. எனக்கு ஆசை என்னெண்டா, தடிமன் காய்ச்சல் எண்டா எங்கட வீடுகளில அவிச்சுக் குடிக்கிற பஸ்பங்குவ இருக்குத்தானே, கொத்தமல்லி, இஞ்சி, மரமஞ்சள், பற்படாகம், கண்டங்கத்தரி அஞ்சும் சேத்து பைக்கட்டில வாறது, அது மனுசருக்கு வாற வைரஸ் ஏதாவது ஒண்டை உண்மையிலயே அடக்குதா எண்டு செல் கல்சர்ல, அதாவது லேப் தட்டில வளர்க்கிற செல்லில, வச்சுப் பாக்கோணும்.

ஏன் இதிலயே பிடிவாதமா நிக்கிறன் எண்டா, 2017ல டெங்கு வந்தப்போ நாடு முழுக்க ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல கேஸ், நானூறு பேருக்கு மேல செத்துப்போச்சினம், அதிலயும் மேல் மாகாணம்தான் கூட அடிபட்டது, எங்கட லேனில வீட்டுக்கு ஒரு ஆள் படுத்திருந்தது. அப்ப ஆளுக்கொரு இலை சொன்னாங்க. பிறகு 2020 டிசம்பர்ல கேகாலையில குடிக்கிற பாணி மருந்து ஒண்டு கொரோனாவைத் தடுக்கும் எண்டு கதை பரவி, ஆயிரக்கணக்கில சனம் அங்க போய் நெருக்கியடிச்சுக்கொண்டு நிண்டதை எல்லாரும் டீவில பாத்தம். சனத்திட்ட நம்பிக்கை இருக்கு, தேவையும் இருக்கு, ஆனா நாங்க பாத்தம், இது இவ்வளவு செய்யும், இதுக்கு மேல செய்யாது எண்டு சொல்லுறதுக்குத்தான் ஆக்கள் காணாது. அந்த வேலையில ஒரு சின்னத் துண்டையாவது செய்யோணும் எண்டு மனசுக்குள்ள இருக்கு.

சுப்பவைசர் நல்லவர், ஆனா டொக்கிங், அதாவது ஒரு பொருள் வைரஸின்ர புரதத்துக்குள்ள பொருந்துதா எண்டு கணிக்கிறது, மட்டும் செய், கொம்பியூட்டர்ல முடிஞ்சிடும், செலவும் இல்ல எண்டு சொல்லுறார். நான் செல் கல்சர்ல செய்ய விருப்பம் எண்டன், அப்ப எந்த வைரஸ், எப்பிடி வைரஸ் இருக்கு எண்டு காட்டுவாய், எந்தக் கணக்கில அடக்குது எண்டு சொல்லுவாய், எழுதிக் கொண்டு வா எண்டிட்டார். நான் யோசிச்சது வைரஸ் போட்ட செல்லுக்கு கசாயம் போட்டு பீசீஆர்ல வைரஸ் குறையுதா எண்டு பாக்கிறது, செல் உயிரோட இருக்கா எண்டு நிறம் மாறுறதை வச்சுக் காட்டுற எம்டிடி டெஸ்ட்ல பாக்கிறது. இது போதுமா? டெங்கு வைரஸ்தான் எடுக்க ஆசை. வைரஸ் லேப்ல வேலை செய்த ஆக்கள் யாரும் இருந்தா கொஞ்சம் விளங்கப்படுத்துங்கோ. சித்த வைத்தியம் தெரிஞ்ச ஆக்களும் சொல்லுங்கோ.

ஊதாத்தட்டு

தங்கச்சி, டொபிக் நல்லது, விட்டிடாதேங்கோ. நான் வைரஸ் கல்சர் செய்யுற லேப் ஒண்டில கனகாலமா இருக்கிறன், கொஞ்சம் நீட்டாத்தான் எழுதப்போறன், ஆறுதலா வாசியுங்கோ.

டொக்கிங் செய்யலாம், ஆனா அது எதைச் சோதிக்கிறது எண்டு தெரிவு செய்யத்தான் உதவும். மரமஞ்சள்ல இருக்கிற பேர்பரின் டெங்குவின்ர புரோட்டியேஸுக்குள்ள வடிவாப் பொருந்துது எண்டு கொம்பியூட்டர் சொல்லும், அதே கொம்பியூட்டர் குர்குமினையும் குவர்செட்டினையும் கேட்ட கேட்ட புரதத்துக்குள்ள எல்லாம் பொருத்திக் காட்டும். அந்தப் பொருள் செல்லுக்குள்ள போகுதா, போனாலும் உடையாம நிக்குதா எண்டெல்லாம் அதுக்குத் தெரியாது. அதோட பஸ்பங்குவ ஒரு மொலிகியூல் இல்ல, எத்தனையோ பொருள் கலந்த கசாயம், கசாயத்தை டொக் பண்ண ஏலாது.

எந்த வைரஸ் எண்டு கேட்டா, டெங்குவில ஆசை வாறது நியாயம், ஆனா ஒரு வருஷத்துக்குள்ள முடிக்க வேண்டிய ஆள் முதல்ல ஹேர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் 1ல கை பழகுறது நல்லம். அது வீரோ எண்ட குரங்குச் செல்லில ரெண்டு மூண்டு நாளில பிளாக் போட்டிடும், அதாவது செல் செத்த வெறும் வட்டம் தெரியும், அசைக்ளோவிர் எண்டு நிச்சயமா வேலை செய்யுற மருந்து ஒண்டு ஒப்பிட்டுப் பாக்க இருக்கு. டெங்குவுக்கு பிளாக் வர அஞ்சு நாளில இருந்து ஏழு நாள் எடுக்கும், சில ஸ்ட்ரெயின் (உள்வகை) வீரோவில ஒழுங்கா பிளாக்கே போடாது, சோதனைக்கு வேண்டிய வைரஸ் ஸ்டொக் வளர்க்க சி6/36 எண்ட நுளம்பு செல் வேணும், அதுக்கு 28 டிகிரில தனி இன்கியூபேட்டர் வேணும். டெங்குவுக்கு எண்டு அங்கீகரிச்ச மருந்தும் இல்ல, அதால பொசிடிவ் கொன்ட்ரோலா, அதாவது அடக்கும் எண்டு தெரிஞ்சு ஒப்பிட்டுப் பாக்க, மைக்கோபினோலிக் அசிட் மாதிரி ஒண்டை வைக்கோணும், அதுகூட பெனிசிலியம் பூஞ்சணத்தில இருந்து வந்த இயற்கைப் பொருள்தான். ஹேர்ப்பீஸ், டெங்கு ரெண்டுமே பிஎஸ்எல்-2 எண்ட பாதுகாப்பு மட்டத்தில இருக்கிற லேப்ல, கிளாஸ் 2 பாதுகாப்புக் கெபினட்டுக்குள்ள, பழகின ஒராள் பக்கத்தில நிக்கச் செய்யுற வேலை. கொரோனாவை உயிரோட வளர்க்க பிஎஸ்எல்-3 வேணும், அதை யோசிக்கவே வேணாம். வைரஸ் லேப் இல்லாத இடங்களில பக்டீரியாவைப் பிடிக்கிற வைரஸான பக்டீரியோபேஜை வச்சுச் செய்திட்டு அன்டிவைரல் எண்டு எழுதுறாங்க, அதில தெரியுறது அந்தக் கசாயம் பேஜ் துணிக்கையைக் கெடுக்குதா எண்டு மட்டும்தான், மனுச செல்லுக்குள்ள வைரஸ் பெருகுறதைப் பற்றி அது ஒண்டும் சொல்லாது.

இப்ப உங்கட பிளான்ல பெரிய ஓட்டை எங்க எண்டு சொல்லுறன். பீசீஆர் பாக்கிறது வைரஸின்ர ஜீன் துண்டை. அது உயிருள்ள வைரஸா, செத்த வைரஸின்ர மிச்சமா எண்டு பீசீஆருக்குத் தெரியாது. கசாயம் வைரஸின்ர வெளி உறையை உடைச்சாலும் உள்ள இருக்கிற ஆர்என்ஏ கொஞ்ச நேரம் கிடக்கும், பீசீஆர் இருக்கு எண்டுதான் சொல்லும். மற்றப் பக்கத்தால, மூலிகையில இருக்கிற பொலிபினோல் பீசீஆர் என்சைமையே தடுக்கும், அப்ப வைரஸ் நிறைய இருந்தாலும் சிடி (வைரஸ் தெரிய வர பீசீஆருக்கு எத்தனை சுற்று எடுத்தது எண்ட எண்) கூடிப்போய் குறைஞ்ச மாதிரி காட்டும், நீங்க சந்தோசப்பட்டு எழுதிடுவீங்க. சிடி 3.3 கூடினா வைரஸ் பத்தில ஒண்டாக் குறைஞ்சிட்டு எண்டு அர்த்தம், கசாயம் என்சைமைக் கொஞ்சம் தடுத்தாலே அந்தளவு வித்தியாசம் வந்திடும். அதால ஒவ்வொரு சாம்பிளுக்குள்ளயும் தெரிஞ்ச அளவு வேற ஒரு ஜீன் துண்டை இன்டேர்னல் கொன்ட்ரோலாப் போட்டு, அது சரியா வருதா எண்டு பாக்கோணும்.

உயிருள்ள வைரஸை எண்ணுறதுக்கு பிளாக் எசே. 1952ல டுல்பெக்கோ மிருக வைரஸுக்குக் கொண்டு வந்தது, இண்டைக்கும் அதைத்தான் நம்புறம். செல் தட்டில இடைவெளி இல்லாம ஒரு படலமா வளர்ந்து நிக்கோணும். வைரஸைப் பத்து மடங்கு பத்து மடங்கா ஐதாக்கி, தட்டில இருக்கிற ஒவ்வொரு வெல்லுக்கும் (குழிக்கும்) ஊத்தி, ஒரு மணித்தியாலம் வைக்கோணும், கால் மணிக்கொருக்கா தட்டைச் சரிச்சுச் சரிச்சு ஆட்டோணும், இல்லாட்டி நடுவில காய்ஞ்சு செல் செத்துப்போய் அதுவே பிளாக் மாதிரி நிக்கும். பிறகு கார்பொக்சிமெதில் செலுலோஸ் கலந்த தடிச்ச மீடியம் மேல ஊத்தி விட்டா வைரஸ் ஓடித்திரிய ஏலாது, பக்கத்து செல்லைத்தான் பிடிக்கும். நாள் முடிய போர்மலின் போட்டு, கிறிஸ்டல் வயலட் ஊத்திக் கழுவினா உயிரோட இருந்த செல் எல்லாம் ஊதா, வைரஸ் சாப்பிட்ட இடம் வட்டம் வட்டமா வெறுமையா இருக்கும். அந்த வட்டத்தை எண்ணி, ஐதாக்கின மடங்கால பெருக்கினா எத்தனை உயிருள்ள வைரஸ் இருந்தது எண்டு வந்திடும். பிளாக் ஒழுங்கா வராட்டி, பாதி வெல்லில செல்லைத் தொற்ற எவ்வளவு வைரஸ் வேணும் எண்டு பாக்கிற டிசிஐடி50 செய்யலாம். பீசீஆரையும் வையுங்கோ, ஆனா முடிவை பிளாக்கில வச்சு எழுதுங்கோ.

அடுத்தது செல் சாகிறது. இதுதான் இயற்கைப் பொருள் பேப்பர்களில கூடச் சறுக்குற இடம். வைரஸுக்குத் தானாப் பெருக ஏலாது, செல்லின்ர மெஷினைப் பிடிச்சுத்தான் பெருகும். கசாயம் செல்லைக் கொண்டா, ஏன் அரை மயக்கத்தில வச்சாலே, வைரஸ் குறைஞ்சிடும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான் அது. அதால ரெண்டு அளவு கட்டாயம் எடுக்கோணும். பாதி செல் சாகிற செறிவு சிசி50, பாதி வைரஸ் குறையுற செறிவு ஈசி50. முதலாவதை ரெண்டாவதால பிரிச்சா செலெக்டிவிட்டி இன்டெக்ஸ். உதாரணத்துக்கு சிசி50 மில்லிலீட்டருக்கு 200 மைக்ரோகிராம், ஈசி50 100 எண்டு வந்தா இன்டெக்ஸ் 2, அது பெரும்பாலும் செல்லுக்கு நஞ்சு, வைரஸுக்கு மருந்து இல்ல. 10க்கு மேல போனா மேல பாக்கலாம் எண்டுதான் பொதுவா எடுக்கிறது. கசாயத்தின்ர ஈசி50யே 100 மைக்ரோகிராமுக்கு மேல நிண்டா அதைப் பின்தொடர ஒருத்தரும் பெரிசா வரமாட்டாங்க.

மூண்டாவது, எப்ப போடுறது. ஒரு தட்டில கசாயத்தையும் வைரஸையும் முதலே கலந்து வச்சிட்டுப் பிறகு செல்லுக்குப் போடுங்கோ. இன்னொண்டில செல்லுக்குக் கசாயத்தைப் போட்டுக் கழுவிட்டு வைரஸ். இன்னொண்டில ரெண்டையும் ஒண்டா. கடைசியா, வைரஸ் உள்ள போய் ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு கசாயம். முதலாவதில மட்டும் வேலை செய்தா அது அனேகமா டனின், செடியில இருக்கிற துவர்ப்புப் பொருள். டனின் எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டும், வைரஸையும் ஒட்டி அமுக்கிடும், ஆனா வாயால குடிச்சா ரத்தத்தில அப்பிடி நடக்கும் எண்டு எதிர்பாக்க ஏலாது. கடைசி முறையிலயும் வைரஸ் இறங்கினா அப்ப உள்ளுக்குள்ள ஏதோ நடக்குது, அது பெறுமதியான விஷயம்.

செல் எது எண்டதும் முக்கியம். வீரோ எண்டது 1962ல ஜப்பான்ல ஆபிரிக்கப் பச்சைக் குரங்கின்ர சிறுநீரகத்தில இருந்து எடுத்த செல். குளோரோகுயின் அதில கொரோனாவை நல்லா அடக்கினது, 2020ல அதை வச்சு உலகமே ஓடித்திரிஞ்சது. பிறகு மனுச நுரையீரல் செல்லான கலு-3ல போட்டா அடக்கவே இல்ல, ஏனெண்டா அந்த செல்லுக்குள்ள வைரஸ் வேற வழியால நுழையுது. நோயாளிகளில செய்த பெரிய சோதனையிலயும் ஹைட்ரொக்சிகுளோரோகுயின் உதவேல்ல. வீரோவில நல்ல ரிசல்ட் வந்தா நிண்டிடாதேங்கோ, மனுச செல் ஒண்டிலயும், டெங்குவெண்டா ஹூ-7 மாதிரி ஈரல் செல்லில, திருப்பிப் பாருங்கோ.

இவ்வளவும் சொன்னது பயப்படுத்த இல்ல. பிரியாணிக்குப் போடுற அன்னாசிப்பூவில இருக்கிற ஷிகிமிக் அசிட்டை மூலப்பொருளா வச்சுத்தான் இன்புளுவென்சா மருந்து ஒசெல்டாமிவிர் செய்தாங்க, ஆனா அன்னாசிப்பூவை அவிச்சுக் குடிச்சா இன்புளுவென்சா நிக்காது, நடுவில கன படி ரசாயன வேலை இருக்கு. 1950களில கரிபியன் கடல் பஞ்சு ஒண்டில கண்ட வித்தியாசமான நியூக்ளியோசைட்டுகளைப் பாத்துத்தான் பிறகு விடாரபின் மாதிரி வைரஸ் மருந்து வந்தது. செடியில, கடல்ல விஷயம் இருக்கு. தேடுற முறையில நேர்மை வேணும், அவ்வளவுதான்.

திருமலை_சித்தமருத்துவர்

ஊதாத்தட்டு எழுதினதோட எனக்கு முழுச் சம்மதம். நான் சித்த மருத்துவம் படிச்சு அரச சேவையில இருக்கிறவன், எங்கட பக்கத்தில இருந்து சில விஷயம் சேர்க்கிறன்.

பிள்ளை, முதல்ல என்ன செடியைச் சோதிக்கிறீங்க எண்டதை நிச்சயப்படுத்துங்கோ. புறக்கோட்டையில கேபோஸ் லேன் பக்கம் போனா சாக்குச் சாக்கா சரக்கு இருக்கு, நல்ல கடைகளும் இருக்கு, ஆனா காய்ஞ்சு நொறுங்கின பிறகு ஒரு சின்னச் செடியை மற்றதில இருந்து கண்ணால பிரிக்கிறது லேசில்ல. பற்படாகம் எண்டு கேட்டா ஒரு இடத்தில மொல்லுகோ தருவாங்க, இன்னொரு இடத்தில ஓல்டன்லாண்டியா தருவாங்க, ரெண்டும் வேற வேற குடும்பம், உள்ள இருக்கிற சத்தும் வேற. பூவோட வேரோட பச்சையா ஒரு செடியை எடுத்து அழுத்திக் காயவச்சு, பேராதனை தேசிய ஹெர்பேரியத்திலயோ நாவின்ன பண்டாரநாயக்க ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையத்திலயோ அடையாளம் உறுதிப்படுத்தி, அந்த மாதிரிக்கு நம்பர் எடுத்து வையுங்கோ. அது இல்லாட்டி உங்கட ரிசல்ட்டை இன்னொராள் திருப்பிச் செய்து பாக்கவே ஏலாது. மரமஞ்சள் காட்டுக்கொடி, கண்டபடி வெட்டி அருகிப்போய் இருக்கு, எங்க இருந்து வந்தது எண்டு கேட்டு வாங்குங்கோ.

ரெண்டாவது, தயாரிக்கிற முறை. கன பேர் மெதனோல்ல ஊறவச்சு எடுத்துச் சோதிச்சிட்டு பாரம்பரிய மருந்து வேலை செய்யுது எண்டு எழுதுறாங்க. சனம் மெதனோல் குடிக்கிறேல்ல. எட்டொன்றாய்க் குறுக்கிக் குடிக்கிறது எங்கட குடிநீர், அதாவது எட்டுப் பங்கு தண்ணி ஒரு பங்கா வத்தோணும். அதே மாதிரி அவிச்சு, வடிச்சு, பிரீஸ் டிரை செய்து தூளாக்கி எடை பாத்துக் கரைச்சு, 0.22 மைக்ரோன் பில்டரால வடிச்சுப் போடுங்கோ. அஞ்சையும் சேத்து ஒருக்கா, தனித்தனியா ஒருக்கா பாருங்கோ. சேத்தா வாற பலன் தனித்தனியா வாறதை விடக் கூடவா குறையவா எண்டது எங்களுக்கும் உண்மையில தேவைப்படுற பதில். தனிப் பேர்பரினுக்கும் ஒரு தட்டு வையுங்கோ, ஆனா அது வாயால எடுத்தா ரத்தத்துக்குள்ள போறது மிகக் குறைவு, தட்டில வாற செறிவை உடம்பில வரும் எண்டு எழுதிப்போடாதேங்கோ.

இன்னொரு விஷயம். வீரோ செல் இன்டர்பெரோன் (வைரஸுக்கு எதிரா செல் விடுற எச்சரிக்கைப் புரதம்) சுரக்காது. ஒரு குடிநீர் வைரஸை நேர அடிக்காம உடம்பின்ர எதிர்ப்பைத் தூண்டி வேலை செய்தா, அதை வீரோவில காணவே மாட்டீங்க. அதால வேலை செய்யேல்ல எண்டு வந்தா, இந்த செல்லில, இந்த வைரஸுக்கு, இந்த அளவில செய்யேல்ல எண்டு மட்டும் எழுதுங்கோ.

இயற்கை எண்டா தீங்கில்ல எண்டு நினைக்கிற ஆக்களுக்கும் ஒண்டு சொல்லோணும். அதிமதுரத்தில இருக்கிற கிளிசிரைசின் சார்ஸ் வைரஸை வீரோ செல்லில அடக்குது எண்டு 2003ல வந்தது உண்மை, ஆனா அதுக்குத் தேவைப்பட்ட அளவு லீட்டருக்கு 300 மில்லிகிராம் கிட்ட. அதிமதுரத்தை நாள்கணக்கில கூட எடுத்தா பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும், என்னட்ட வாற பிரஷர்காரருக்கு நானே வேணாம் எண்டு சொல்லுறனான். எங்கட மருந்தைச் சோதிக்கிறதை அவமானமா எடுக்கிற ஆக்கள் இருக்கினம். எனக்கு அப்பிடி இல்ல. நான் குடுக்கிற மருந்து என்ன செய்யுது எண்டு தெரிஞ்சு குடுக்கத்தான் எனக்கும் விருப்பம்.

கொட்டாஞ்சேனை_அம்மா

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். இதுல டெங்கு பத்தி பேசுறதால கேக்குறேன். மகனுக்கு ஒன்பது வயசு, காய்ச்சல் இன்னைக்கு மூணாவது நாள், 102 வரைக்கும் போகுது, சாப்பிடுறான் இல்ல. பக்கத்து வீட்டுல பப்பாசி இலைச் சாறு குடுங்க பிளேட்லெட் ஏறும்னு சொல்றாங்க. நேத்து பிரைவேட் லேப்ல என்எஸ்1 எடுத்தோம் நெகட்டிவ்னு வந்துச்சு, அப்ப டெங்கு இல்லைன்னுதானே அர்த்தம்? சாறு குடுக்கலாமா?

பொரளை_எம்எல்டி

அக்கா, தயவுசெஞ்சு இத வாசிச்ச உடனே புள்ளைய டொக்டர்கிட்ட காட்டி எப்பிசி (முழு ரத்த எண்ணிக்கை) எடுங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க. நான் லேப்ல வேலை செய்றவன், டொக்டர் இல்ல, ஆனா இந்த ரிப்போட் எல்லாம் தெனமும் என் கையால போறது.

என்எஸ்1 நெகட்டிவ்னா டெங்கு இல்லைனு அர்த்தம் இல்ல. என்எஸ்1ங்கிறது வைரஸ் ரத்தத்துல விடுற ஒரு புரதம், மொத அஞ்சு நாள்லதான் நல்லா புடிபடும், அதுலயும் புள்ளைக்கு முன்னாடி ஒரு தடவ டெங்கு வந்திருந்தா, உங்களுக்கே தெரியாம லேசா வந்து போயிருக்கலாம், அப்ப ரெண்டாவது தடவ டெஸ்ட்ல தப்பிப்போற வாய்ப்பு கூட. டெங்குல நாலு வகை இருக்கு, ரெண்டாவது தடவ வேற வகை வந்தாத்தான் கூட ஆபத்து. ஐஜிஎம் அன்டிபொடி ஏறுறதுக்கு அஞ்சு நாள் கிட்ட ஆகும், அதனால மூணாவது நாள்ல அத எடுத்து நெகட்டிவ்னு நிம்மதியா இருக்கக்கூடாது. பீசீஆர் மொத நாள்ல இருந்தே காட்டும், எந்த வகைன்னும் சொல்லும், ஆனா அது எல்லா இடத்துலயும் உடனே கிடைக்காது. இப்ப உங்க புள்ளைக்குத் தேவை எப்பிசி, தெனமும், டொக்டர் சொன்னா ஒரே நாள்ல ரெண்டு தடவ.

அந்த ரிப்போட்ல எல்லாரும் பிளேட்லெட்டையே பாக்குறாங்க. பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழ போறது எச்சரிக்கை, ஆனா ஆளைச் சாகடிக்கிறது பெரும்பாலும் ரத்தக் குழாயில இருந்து நீர் வெளிய கசியுறது. அது பிசிவி, அதாவது ரத்தத்துல சிவப்பணு எத்தனை வீதம்ங்கிற அளவு, ஏறுறதுல தெரியும், வழக்கமா இருக்கிறத விட 20 வீதம் ஏறினா கசியுதுன்னு எடுப்பாங்க. இது நடக்குறது காய்ச்சல் குறையுற நேரத்துல, அதுதான் கொடுமை, புள்ள நல்லாயிட்டான்னு வீட்டுல நெனைக்கிற அந்த 24 இருந்து 48 மணித்தியாலம்தான் பயங்கரமானது.

பப்பாசி இலைக்கு வர்றேன். மலேசியாவுல 2013ல வெளிவந்த ஒரு சோதனைல சாறு குடிச்சவங்களுக்கு பிளேட்லெட் கொஞ்சம் வேகமா ஏறிச்சு, அது உண்மை. ஆனா நீர் கசியுறத அது நிப்பாட்டுதுன்னோ உயிரக் காப்பாத்துதுன்னோ அதுல காட்டல. சாறு கசப்பு, ஏற்கனவே சாப்பிடாத புள்ள வாந்தியெடுத்தா இன்னும் தண்ணி போகும். சாறு குடுத்திட்டோம்னு ஆஸ்பத்திரிக்குப் போறத ஒரு நாள் தள்ளிப்போடுறதத்தான் நான் பயப்படுறேன். இப்போதைக்கு ஜீவனி (உப்பு சீனிக் கரைசல்), இளநீர், கஞ்சி, பால்னு கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. சிவப்பு, பிரவுன் கலர்ல எதுவும் வேணாம், வாந்தியில ரத்தமா சாப்பாடான்னு டொக்டருக்குத் தெரியாமப் போயிடும். காய்ச்சலுக்கு எடைக்குத் தக்க பரசிட்டமோல் மட்டும், இபுபுரோபன், டைகுளோபெனக் எக்காரணம் கொண்டும் வேணாம். வயித்து நோவு, விடாத வாந்தி, கை கால் சில்லுன்னு ஆகுறது, தூங்கி வழியுறது, ஆறு மணித்தியாலமா சிறுநீர் போகலைன்னா எப்பிசி ரிப்போட்டுக்குக்கூட காத்திருக்காம நேரா ஆஸ்பத்திரி.

கொட்டாஞ்சேனை_அம்மா

ரொம்ப நன்றி தம்பி. இப்பதான் எப்பிசி ரிப்போட் வந்துச்சு, பிளேட்லெட் 1,12,000. டொக்டர் பாத்திட்டு வார்டுல நிப்பாட்டச் சொல்லிட்டாரு, போய்க்கிட்டு இருக்கோம். சாறு குடுக்கல.

வெள்ளவத்தை_பிள்ளை

அக்கா, தம்பி கெதியில சுகமாகி வரோணும். ஏலுமெண்டா பிறகு ஒருக்கா இதில சொல்லுங்கோ.

ஊதாத்தட்டு அண்ணா, சித்த டொக்டர், ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. சுப்பவைசரிட்ட இதை வச்சுக் கதைச்சன், ஹேர்ப்பீஸ் 1 எண்டா வெளி லேப் ஒண்டில செல்லும் கெபினட்டும் கேட்டுத் தாறன் எண்டிட்டார், டொக்கிங் பிறகு பாப்பம் எண்டும் சொன்னார். குடிநீர் முறையிலதான் எடுக்கப்போறன், செடி அடையாளத்துக்கு நாவின்னவுக்குக் கடிதம் எழுதுறன். ஒண்டு மட்டும் கேக்கோணும். மரமஞ்சள் கசாயம் நல்ல மஞ்சள், எம்டிடியும் நிறத்தை வச்சுத்தான் அளக்கிறது. இது ஒண்டோடொண்டு குழம்பாதா? சும்மா கசாயத்தை எம்டிடி மருந்தோட டியூப்ல கலந்து பாத்தன், செல் ஒண்டுமே இல்லாம ஊதா வருது, அதுதான் பயமாப்போச்சு.

ஊதாத்தட்டு

அதை இப்பவே பாத்தது மிச்சம் நல்லம், கன பேர் புரொஜெக்ட் முடிச்சு எழுதேக்குள்ளதான் காணுவாங்க.

மஞ்சள் நிறம் உங்களுக்குப் பெரிய இடைஞ்சல் இல்ல, பேர்பரின் ஒளியை உறிஞ்சுறது 420 நனோமீட்டர் பக்கமும் அதுக்குக் கீழயும், எம்டிடி வாசிக்கிறது 570ல. உங்களுக்கு வந்தது வேற பிரச்சினை. எம்டிடியை ஊதாவா மாத்துறது உயிருள்ள செல்லின்ர என்சைம் எண்டுதான் நாங்க எடுக்கிறம், ஆனா கசாயத்தில இருக்கிற அன்டிஒக்சிடன்ட் தானாவே அதை மாத்திப்போடும். அப்ப செல் செத்துக் கிடந்தாலும் தட்டு ஊதாவா நிக்கும், கசாயம் பாதுகாப்பு எண்டு காட்டும், சிசி50 பொய்யா ஏறும், அதோட இன்டெக்ஸும் பொய்யா ஏறும். அதால எம்டிடி போட முதல் மீடியத்தை முழுசா எடுத்திட்டு பிபிஎஸ் (உப்புக் கரைசல்) ஊத்தி ரெண்டு தரம் மெதுவாக் கழுவுங்கோ, வெல்லின்ர ஓரத்தால ஊத்தோணும், நேர ஊத்தினா செல் கழண்டு போகும். ஒவ்வொரு செறிவுக்கும் செல் இல்லாத வெல் ஒண்டு வச்சு அதே மாதிரிக் கழுவி, அதில வாற அளவைக் கழியுங்கோ. அப்பிடியும் ஊதா மிஞ்சினா அந்த டெஸ்டை விட்டிட்டு உயிருள்ள செல்லில இருக்கிற ஏடீபீயை வெளிச்சத்தை வச்சு அளக்கிற லூமினெசன்ஸ் கிட் ஒண்டுக்கு மாறுங்கோ, காசு கூட, ஆனா நிறத்தோட சண்டை இல்ல. எதைச் செய்தாலும் செத்த செல்லை மட்டும் நீலமாக்குற டிரைபன் புளூ போட்டு மைக்ரோஸ்கோப்பில செல்லை நேர ஒருக்காப் பாருங்கோ, செல் உருண்டு மிதக்குதா, படிஞ்சு நிக்குதா எண்டு கண்ணுக்குத் தெரியும்.

பேர்பரினை வேற ஏதும் கரைசல்ல கரைக்கிறதெண்டா டிஎம்எஸ்ஓ எண்ட கரைப்பானின்ர கடைசி அளவு 0.5 வீதத்துக்கு மேல போகக்கூடாது, டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட வெல்லும் கட்டாயம். ஒவ்வொரு செறிவுக்கும் மூண்டு வெல், முழு எக்ஸ்பெரிமென்ட்டும் வேற வேற நாளில மூண்டு தரம், ஒரே நாளில மூண்டு தட்டு வச்சிட்டு மூண்டு தரம் செய்தன் எண்டு எழுதக்கூடாது. செல்லை வாங்கின உடன, செல் கல்சர்ல தெரியாம வளர்ற மைக்கோபிளாஸ்மா பக்டீரியாவுக்கு டெஸ்ட் ஒண்டு செய்விச்சிட்டுத்தான் தொடங்குங்கோ. பிளேட் பிளானை கடதாசியில கீறி இங்க போட்டா வைரஸ் கொன்ட்ரோல், செல் கொன்ட்ரோல், அசைக்ளோவிர் எல்லாம் சரியான இடத்தில இருக்கா எண்டு பாத்துச் சொல்லுறன்.